குளத்துப் படகும் கடற்கப்பலும்: எஞ்சினுக்கேற்ற விசிறி தேடிய வரலாறு



வானொலி அலையால் ஏவப்பட்டுக் குளத்தில் ஓடும் சிறு மாதிரிப் படகுக்கு எத்தகைய மோட்டாரைப் பூட்டுவது, அதன் பின்புறத்தில் எந்த அளவு விசிறியைப் பொருத்துவது என்பதே இன்றைய பேச்சின் பொருள். சரித்திர ஆசிரியருக்கு விளையாட்டுப் பொருளிடம் என்ன வேலை என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் உலகத்துப் பெருங்கடல்களில் இன்று செல்லும் இரும்புக் கப்பல்களின் வரலாறு ஒரு குளத்திலே, ஒரு விளையாட்டுப் படகிலே தொடங்கியது என்று சொன்னால் நீங்கள் வியப்படைவீர்கள். அந்த வரலாற்றை அறிந்தவனுக்குத் தன் படகின் மோட்டாரைத் தேர்ந்தெடுப்பது அரிய காரியம் அன்று. கப்பலை நீருக்குள் இருந்து உந்தும் புரொப்பெல்லர் என்னும் கருவியை இப்பேச்சில் விசிறி என்றே சொல்லிச் செல்வேன்.

முதலில் நம் கரையைப் பார்ப்போம். திருச்செந்தூருக்கு வடக்கே வீரபாண்டியன்பட்டினமும் காயல்பட்டினமும், அப்பால் தூத்துக்குடியும். தெற்கே ஆலந்தலையும் மணப்பாடும். இவ்வூர்களுக்கு முன்னே விரிந்து கிடப்பது மன்னார் வளைகுடா. பண்டைக் கொற்கையும் காயலும் முத்தினால் புகழ்பெற்றது இந்தக் கடலிலேதான். இக்கடலில் படகோட்டிய மக்களுக்கு இயற்கை இரண்டு காற்றுகளை அளித்திருந்தது. இரவில் நிலம் விரைவில் குளிர்வதால் கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும். பகலில் நிலம் விரைவில் சூடேறுவதால் கடலிலிருந்து கரையை நோக்கிக் காற்று வீசும். முத்துக்குளிப்புக் காலத்தில் படகுகள் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய்விரித்துப் பார்களை அடையும். நண்பகலுக்குப் பின் கடற்காற்றைப் பிடித்துக் கரை திரும்பும். கட்டுமரமும் வள்ளமும் தோணியும் இவ்வாறே காற்றையும் துடுப்பையும் நம்பி வாழ்ந்தன. காற்றுக்குக் கூலி இல்லை என்பது உண்மை. ஆனால் நாம் வேண்டும்போது வருவதும் இல்லை. இந்தக் குறையை நீக்கவே மனிதன் எஞ்சினைத் தேடினான்.

நீராவி எஞ்சின் கப்பலில் ஏறிய தொடக்கத்தில் விசிறி இல்லை. கப்பலின் இரு பக்கங்களிலும் பெரிய துடுப்புச் சக்கரங்கள் சுழன்று நீரைத் தள்ளின. 1825-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து கல்கத்தாவை அடைந்த 'எண்டர்பிரைஸ்' அத்தகைய சக்கரக் கப்பலே. சக்கரத்திற்குப் பல குறைகள் இருந்தன. புறப்படும்போது நிலக்கரியின் பாரத்தால் கப்பல் ஆழ்ந்து மிதக்கும். சக்கரம் அளவுக்கு மேல் நீரில் மூழ்கும். கரி எரிந்து தீரத் தீரக் கப்பல் மேலே எழும். சக்கரம் நீரைச் சரியாகத் தொடாது. அலையில் கப்பல் ஒருபுறம் சாய்ந்தால் ஒரு சக்கரம் ஆழத்திலும் மற்றொன்று ஆகாயத்திலும் சுழலும். எஞ்சினில் வலிமை இருந்தும், அது நீரைச் சேரும் வழி செம்மையாக இல்லை. இந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சின் சாரம் இதுவே.

இங்கிலாந்தில் ஹெண்டன் என்னும் ஊரில் பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்ற விவசாயி ஒருவர் இருந்தார். படகு செய்வது அவருக்கு இளமை முதலே விருப்பமான தொழில். அவர் ஒரு சிறு மாதிரிப் படகு செய்து, அதன் பின்புறத்தில் நீருக்குள்ளே மரத்தாலான ஒரு திருகைப் பொருத்தி, கடிகாரத்தில் உள்ளது போன்ற சுருள்வில்லால் அதைச் சுழற்றிக் குளத்தில் ஓடவிட்டார். படகு செவ்வையாக ஓடிற்று. 1836-ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் ஸ்வீடன் நாட்டவரான ஜான் எரிக்சன் என்பாரும் வேறொரு வகை விசிறிக்கு லண்டனிலேயே காப்புரிமை பெற்றார். ஒரே கருத்து இருவர் உள்ளத்தில் ஒரே காலத்தில் முளைத்தல் வரலாற்றில் அரிது அன்று.

பின்னர் ஸ்மித் ஆறு டன் அளவுள்ள படகொன்றைக் கட்டிக் கால்வாயில் சோதித்தார். அவருடைய திருகு இரண்டு முழுச் சுற்று நீளம் உடையது. 1837-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சோதனை நடக்கையில் அத்திருகு எதிலோ மோதி, ஏறக்குறையப் பாதி உடைந்து போயிற்று. படகு நின்றுவிடும் என்று எல்லோரும் எதிர்பார்த்தனர். நடந்தது வேறு: படகு முன்னைவிட விரைந்து ஓடிற்று! நீண்ட திருகு நீரோடு உராய்ந்து வலிமையை வீணாக்கிக்கொண்டிருந்தது. குறுகியவுடன் அந்த வீண் குறைந்தது. ஸ்மித் உடைந்த துண்டைப் பார்த்து வருந்தி நிற்கவில்லை. ஏன் விரைந்தது என்று கேட்டார். அடுத்த திருகை ஒரே சுற்று உடையதாக அமைத்தார். விபத்து எல்லோருக்கும் நேர்கிறது. அதைக் கவனித்தவனுக்கே அது பாடமாகிறது.

ஸ்மித்தின் முயற்சியால் 1838-ஆம் ஆண்டில் 'ஆர்க்கிமிடீஸ்' என்னும் கப்பல் நீரில் இறக்கப்பட்டது. அப்போது இசம்பார்டு புரூனெல் என்னும் பெரும் பொறியாளர், 'கிரேட் பிரிட்டன்' என்ற மாபெரும் இரும்புக் கப்பலைத் துடுப்புச் சக்கரத்தோடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் 'ஆர்க்கிமிடீ'ஸை இரவல் பெற்று, வெவ்வேறு வடிவமுள்ள விசிறிகளை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பல மாதங்கள் சோதித்தார். சோதனை முடிந்ததும், முன்பு எழுதிய வரைபடங்களைத் தள்ளிவிட்டு விசிறியை ஏற்றுக்கொண்டார். 1845-ஆம் ஆண்டில் அக்கப்பல் அட்லாண்டிக் மாகடலைக் கடந்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை ஒரு விந்தையான போட்டியை நடத்திற்று. விசிறி பூட்டிய 'ராட்லர்', சக்கரம் பூட்டிய 'அலெக்டோ' ஆகிய இரு கப்பல்களையும் பின்புறத்தோடு பின்புறமாகக் கயிற்றால் கட்டி எதிரெதிர்த் திசையில் இழுக்கவிட்டனர். நம்மூர்ப் பள்ளிகளில் கயிறு இழுக்கும் போட்டியைப் போன்றதே இதுவும். 'ராட்லர்', தன் எதிரியைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது.

விசிறி எவ்வாறு தொழில் செய்கிறது என்பதை இப்போது பார்ப்போம். மரத்தில் திருகாணியைச் செலுத்தினால், ஒரு சுற்றுக்கு அது குறித்த அளவு முன்னேறுகிறது அல்லவா? விசிறிக்கும் அத்தகைய அளவு உண்டு. ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய தூரத்தைப் பிட்ச் என்பர். நாம் புரியிடை என்போம். புரியிடை 4 சென்டிமீட்டர் உள்ள விசிறி நிமிடத்திற்கு 3,000 தடவை சுழன்றால், நிமிடத்தில் 120 மீட்டர், அதாவது வினாடிக்கு 2 மீட்டர் செல்ல வேண்டும். ஆனால் நீர், மரத்தைப் போல் உறுதியானது அன்று. அது பின்னோக்கி நழுவுகிறது. நழுவல் நாலில் ஒரு பங்கு என்று கொண்டால், படகு வினாடிக்கு ஒன்றரை மீட்டரே செல்லும். இந்நழுவலை முற்றிலும் ஒழிக்க இயலாது. நீரைப் பின்னே தள்ளினால் அன்றிப் படகு முன்னே செல்லாது என்பது நியூட்டனின் மூன்றாம் விதி.

அப்படியானால் பெரிய விசிறியைப் பொருத்திவிட்டால் என்ன? இங்கேதான் பல மாணவர்கள் ஏமாந்து போகின்றனர். ஒரே வடிவமுள்ள விசிறியை ஒரே வேகத்தில் சுழற்றுவதற்கு வேண்டிய ஆற்றல், விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைப் பொறுத்து உயர்கிறது. 30 மில்லிமீட்டர் விட்டமுள்ள விசிறியை எடுத்துவிட்டு 36 மில்லிமீட்டர் விசிறியைப் பொருத்தினால், விட்டம் ஐந்தில் ஒரு பங்கே கூடிற்று. வேண்டிய ஆற்றலோ ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது! அந்த ஆற்றல் மோட்டாரிடம் இல்லையாயின் அது சுழற்சி குறைந்து, மின்கலத்திலிருந்து மிகுந்த மின்னோட்டத்தை இழுத்து, சூடேறி, இறுதியில் கருகிப்போகும். விசிறி மிகச் சிறியதாயின் மோட்டார் பளுவின்றி இரைந்து சுழலும், படகோ நகராது. பெரிய விசிறி மெதுவாகச் சுழல்வதே பொதுவாக ஆற்றலைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் வழி. ஆயினும் விசிறியின் விட்டத்திற்குக் கப்பலின் அடிப்பகுதியும் நீரின் ஆழமும் எல்லை கட்டிவிடுகின்றன.

சிறு படகில் கண்டதைப் பெருங்கப்பலுக்கு எவ்வாறு பொருத்துவது என்னும் வினாவுக்கு விடை கண்டவர் வில்லியம் ஃபுரூட். 1872-ஆம் ஆண்டில் அவர் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் நீண்ட நீர்த்தொட்டி ஒன்றை அமைத்து, மாதிரிக் கப்பல்களை அதில் இழுத்துச் சென்று அளவெடுத்தார். மாதிரியும் கப்பலும் ஒரே வகையான அலையை எழுப்ப வேண்டுமானால், அவற்றின் வேகங்கள் நீளங்களின் வர்க்கமூல விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது அவர் நிறுவிய விதி. 100 மீட்டர்க் கப்பலுக்கு 1 மீட்டர் மாதிரி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீளம் நூறில் ஒரு பங்கு; ஆகவே வேகம் பத்தில் ஒரு பங்கு. கப்பல் மணிக்கு 20 கிலோமீட்டர் செல்லுமாயின், மாதிரி மணிக்கு 2 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 55 சென்டிமீட்டர் அளவே செல்ல வேண்டும். எடையோ பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 5,000 டன் கப்பலின் மாதிரி 5 கிலோகிராம்.

இவ்வளவு மெதுவாகவா என்று நீங்கள் கேட்பீர்கள். ஆம், அவ்வேகத்தில்தான் மாதிரி உண்மைக் கப்பலைப்போல் அழகாக நீரைப் பிளந்து செல்லும். முன்சொன்ன 4 சென்டிமீட்டர் புரியிடையில் நழுவல் போக 3 சென்டிமீட்டரைக் கணக்கில் கொண்டால், வினாடிக்குச் சுமார் 18 சுற்று, நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,100 சுற்று போதும். கடையில் விற்கும் சிறு மோட்டார்கள் பல, பளு இல்லாதபோது நிமிடத்திற்கு 10,000 சுற்றுக்கு மேலும் சுழல்வன. அதை நேரே விசிறியோடு பிணைத்தால் நீர் நுரைக்குமே தவிர நற்பயன் விளையாது. இடையிலே பற்சக்கரங்களை வைத்துச் சுழற்சியைக் குறைக்க வேண்டும். அல்லது மெதுவாகச் சுழன்று முறுக்கு விசை மிகுதியாகத் தரும் மோட்டாரைத் தேட வேண்டும்.

வேகம் மிகுந்த எஞ்சினுக்கும் விசிறிக்கும் உள்ள பிணக்கை வரலாறு மிகப் பெரிய அளவில் கண்டிருக்கிறது. நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்லஸ் பார்சன்ஸ், அதன் பெருமையை உலகிற்குக் காட்ட 1894-ஆம் ஆண்டில் 'டர்பினியா' என்னும் கப்பலைக் கட்டினார். நீளம் 100 அடிக்குச் சற்று மேல். அகலம் 9 அடி. கப்பலின் வடிவத்தை அவர் தேர்ந்துகொண்டதும் சிறு மாதிரிகளைக் கொண்டே. ஆனால் முதற் சோதனையில் கப்பல் மணிக்கு 20 கடல் மைலைக்கூட எட்டவில்லை. எஞ்சினில் குறையில்லை. பிறகு ஏன்? விசிறி மிக விரைந்து சுழன்றதால் அலகுகளின் பின்னே நீரின் அழுத்தம் குன்றி, நீர் ஆவியாகிக் குமிழ்கள் தோன்றின. விசிறி நீரைத் தள்ளாமல் குமிழையே கடைந்துகொண்டிருந்தது. பார்சன்ஸ் ஒரு சிறு தொட்டியில் வெந்நீரை வைத்து, அதில் சிறு விசிறியைச் சுழற்றி, அக்குமிழ்களைக் கண்ணாரக் கண்டார். ஒரே தண்டுக்குப் பதில் மூன்று தண்டுகள், தண்டுக்கு மூன்று விசிறிகள் என்று மாற்றி அமைத்தார். 1897-ஆம் ஆண்டில் விக்டோரியா அரசியாரின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்பில், 34 கடல் மைல் வேகத்தில் 'டர்பினியா' காவற்படகுகளுக்குப் பிடிகொடாமல் பாய்ந்து சென்றது.

அடுத்த ஆண்டே மற்றொரு புதுமை. 1898-ஆம் ஆண்டில் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் மக்கள் முன்னிலையில் ஒரு சிறு படகைத் தொட்டியில் மிதக்கவிட்டார். அதனுள் மின்கலம், மின்மோட்டார், விசிறி, சுக்கான் யாவும் இருந்தன. தொடர்புக் கம்பி மட்டும் இல்லை. அவர் அனுப்பிய மின்னலைகளின் கட்டளைக்கு ஏற்ப அது திரும்பிற்று, நின்றது, விளக்கை மினுக்கிற்று. உங்கள் கையில் இன்றுள்ள வானொலிப் படகுக்கு அதுவே மூதாதை.

இவையெல்லாம் அயல்நாட்டார் செய்தவை. நம்மவர் என்ன செய்தனர் என்று கேட்பது நியாயமே. பம்பாயில் கப்பல் கட்டும் வாடியா குடும்பத்தில் பிறந்த அர்தசீர் கர்செட்ஜி, 1830-களிலேயே நீராவி எஞ்சினின் நுட்பத்தைக் கற்றுச் சிறு கப்பலுக்கு எஞ்சின் பொருத்தி ஓட்டினார். 1841-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே.

நம் தூத்துக்குடியின் கதையோ இன்னும் உருக்கமானது. 1876-ஆம் ஆண்டில் இருப்புப்பாதை தூத்துக்குடியை அடைந்தது. கொழும்புக்குச் செல்லும் பயணிகளும் சரக்கும் பெருகின. கடல் ஆழமின்மையால் கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட, படகுகளே சரக்கைக் கொண்டுசென்றன. ஊதியம் நல்கும் கப்பல் வாணிகமோ பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியின் கையில் இருந்தது. ஒட்டப்பிடாரத்திற் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள் 1906-ஆம் ஆண்டில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். முதலில் வாடகைக் கப்பல். அதற்கும் இடையூறு வரவே, 'காலியா', 'லாவோ' என்னும் சொந்தக் கப்பல்கள் 1907-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908-ஆம் ஆண்டில் வ.உ.சி. சிறைப்பட்டார், 1911-ஆம் ஆண்டில் கம்பெனி கலைக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியைப் பள்ளிப் புத்தகத்தில் நீங்கள் படித்திருப்பீர்கள். ஆனால் ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. அக்கம்பெனியின் நோக்கம் கப்பல் விடுவதோடு முடியவில்லை. இந்தியர்க்குக் கப்பல் ஓட்டவும் கட்டவும் கற்பிப்பதும், அதற்கான கல்விச்சாலையும் கப்பல் கட்டும் துறையும் அமைப்பதும் அதன் குறிக்கோள்களாக வகுக்கப்பட்டிருந்தன. கப்பலை விலை கொடுத்து வாங்கலாம். அறிவை அவ்வாறு வாங்க இயலாது என்பதைக் கப்பலோட்டிய தமிழர் தெளிவாக உணர்ந்திருந்தார். அக்கனவின் ஒரு பகுதி 1948-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விசாகப்பட்டினத்தில் நனவாயிற்று. சிந்தியா கம்பெனியார் கட்டிய 'ஜல உஷா' என்னும் நீராவிக் கப்பலை நேரு அவர்கள் நீரில் இறக்கி வைத்தார்.

எஞ்சின் நம் மீனவர் படகில் ஏறியது அதற்கும் பின்னரே. 1952-ஆம் ஆண்டில் நார்வேயுடன் செய்த ஒப்பந்தத்தின்படி கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் எஞ்சின் படகுகள் பரப்பப்பட்டன. தமிழகத்திலும் 1950-களில் அரசினர் விசைப்படகுகளுக்கு ஊக்கம் அளித்தனர். ஆயினும் திருச்செந்தூரை அடுத்த மணற்கரைகளில் படகைக் கரைமேல் இழுத்து ஏற்ற வேண்டும். அடியில் நிலையாக நிற்கும் விசிறி மணலில் மோதி ஒடிந்துபோகும். ஆதலால், வேண்டும்போது தூக்கி வைக்கத்தக்க புறமோட்டாரும், நீண்ட தண்டின் முனையில் விசிறி கொண்ட எஞ்சினும் வந்த பின்னரே, 1980-களில் வள்ளங்களும் கட்டுமரங்களும் பரவலாக மோட்டாரை ஏற்றன. கரையின் இயல்பு எஞ்சினைத் தேர்ந்தெடுத்தது எனலாம். மீனவனுக்கு இஃது ஏட்டுச் செய்தி அன்று. பொருந்தாத விசிறி ஒவ்வொரு நாளும் எண்ணெயை வீணாக்கும். வீணான எண்ணெய் கடனாகும். கடன் குடும்பத்தின் தலைமேல் ஏறும். விசிறியின் புரியிடையும் விட்டமும் ஒரு வீட்டின் அடுப்போடு தொடர்புடையன என்பதை நகரத்து மாணவர் உணர்தல் வேண்டும்.

இனி, உங்கள் படகுக்கு வருவோம். முதலில், படகு எதற்காக என்று முடிவு செய்யுங்கள். இழுவைப் படகின் மாதிரியாயின், விட்டம் பெரிதும் புரியிடை சிறிதுமான விசிறி வேண்டும். நீர்மேல் பாயும் பந்தயப் படகாயின், விட்டம் சிறிதும் புரியிடை பெரிதும் வேகமுள்ள மோட்டாரும் வேண்டும். சரக்குக் கப்பலாயின், இரண்டுக்கும் நடுவழி. இரண்டு விசிறிகள் வைப்பதாயின், ஒன்று வலமாகவும் மற்றொன்று இடமாகவும் சுழலட்டும். ஒன்றின் பக்கத் தள்ளலை மற்றொன்று ஈடுசெய்யும். பிறகு, படகை முழு எடையோடு தொட்டியில் கட்டி, மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தை ஆம்பியர் மானியால் அளந்து பாருங்கள். செய்தோர் குறித்த எல்லைக்கு அது மிஞ்சுமாயின் விசிறியைச் சிறிதாக்குங்கள். சுழலும் விசிறியினருகில் விரலைக் கொண்டுசெல்ல வேண்டா. அடுத்து, குளக்கரையில் பத்து மீட்டரை அளந்து, படகு அதைக் கடக்கும் வினாடிகளைக் குறியுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். விசிறியையும் மோட்டாரையும் ஒருங்கே மாற்றினால், நன்மை எதனால் வந்தது என்று அறிய முடியாது. கண்டதை எல்லாம் ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். கெட்ட முடிவையும் மறைக்காமல் எழுதுங்கள். உடைந்த திருகை ஸ்மித் மறைத்திருந்தால் அவர் ஒன்றும் கற்றிருக்க மாட்டார்.

தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் கப்பல் மாதிரி செய்வதற்கும் விசையால் ஓட்டுவதற்கும் போட்டிகள் உண்டு. கடலோரத்துப் பிள்ளைகளாகிய நீங்கள் அவற்றில் முன்நிற்க வேண்டாவோ? கடையில் முழுதாய் விற்கும் படகை வாங்கி ஓட்டுபவன் சிறிது நேரம் மகிழ்வான். மோட்டாரையும் விசிறியையும் கணக்கிட்டுத் தேர்ந்து, இரண்டு முறை தவறி, மூன்றாம் முறை ஓடவிடுபவனுக்கோ கப்பற்கலையின் முதற் பாடம் கைவந்துவிடும். அப்பாடத்தை நம் இளைஞர் கற்க வேண்டும் என்பதற்காகவே ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் தூத்துக்குடியில் ஒருவர் தம் செல்வத்தையும் வாழ்வையும் ஈந்தார். அவர் விட்ட பணி இன்னும் முடியவில்லை. அதைத் தொடங்குவதற்கு ஒரு சிறு மோட்டாரும், ஒரு விசிறியும், ஒரு குறிப்பேடும் போதும்.